மருதாயியை எழுப்பாத பியானோ

பௌதிகத்தில் பி.எஸ்ஸி. வாங்கிவிட்டு நான் மதுரையில் ஒரு கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். போடியில் எங்கள் தெருவுக்கே நான்தான் முதல் பட்டதாரி. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கிற போட்டோவை ஆத்தா சுவரில் மாட்டியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, "மக வக்கீலாயிட்டாளா ஜக்கம்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமா" என்றே சொல்லிவைத்திருந்தாள்.

தேவசகாயம் சார் கடையில் ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாற்றுவார்கள், வயலினைப் பழுது பார்ப்பார்கள், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பார்கள். எனக்கு முன்னறையில் ஒரு மேஜை. பின்னறையில் வேலை மேடை. எனக்கு அந்த மேடையில் உட்கார வேண்டும். சார் மத்தியானம் கண்ணயரும்போது பின்னறைக்குப் போய், கழித்துப் போட்ட பியானோச் சுத்தியல்களை எடுத்துத் தேய்த்துப் பழகுவேன்.

பியானோ என்றால் வெளியே தெரிவது கட்டைகள்தாம். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். மரத்தலையில் கம்பளியை இறுக்கிச் சுற்றிய சுத்தியல். தொனி நன்றாக இருப்பதும் நாராசமாக இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கம்பளியின் கையில். அடித்து அடித்துக் கம்பி அதில் பள்ளம் போட்டுவிடும், தலை சப்பையாகிவிடும். உப்புத்தாள் ஒட்டிய பட்டையால் சீவிச் சீவி அதை மறுபடி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தோளில் ஊசியால் குத்தி உள்கம்பளியை இளக்க வேண்டும். உச்சியில் குத்தக் கூடாது. உச்சி இறுக்கமாகவும் தோள் இளக்கமாகவும் இருந்தால் மெல்ல அடித்தால் மெல்லப் பேசும், ஓங்கி அடித்தால் ஓங்கிப் பேசும். நான் பார்த்த மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் இதற்கு நேர்மாறு.

ஒருநாள் சார் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். திட்டவில்லை. சுத்தியலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"முட்டை மாதிரி வந்திருக்கே."

"அப்ப மேடையில உட்காரலாமா சார்?"

"கத்துக்க ஆறு வருஷமாகும் வேலு. அதுக்குள்ள உங்க வீட்டுல ஒரு தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருவாங்க. நான் கத்துக்கொடுத்தது அடுப்படிக்குப் போகும்."

"உங்ககிட்ட மேடையில உட்கார்ந்திருந்த செல்வராஜ் கத்துக்கிட்டுத் துபாய்க்குப் போனானே, அது எந்த அடுப்படி?"

சார் சுத்தியலைப் பழைய குவியலிலேயே போட்டார். நான் முன்னறைக்குப் போய், அன்றைக்கு வந்த பில் எல்லாவற்றிலும் பேனாவை அழுத்தி எழுதினேன். அடியிலிருந்த தாளெல்லாம் கிழிந்தது.

அந்த ஐப்பசியில் சார் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். அதே வாரம் போடியிலிருந்து டிரங்க் கால். பேசியது ஏலக்காய்த் தோட்ட முதலாளி வெள்ளைத்துரையின் மருமகள் வீரலட்சுமி. மலை பங்களாவில் பியானோ கத்துகிறதாம், யாராவது உடனே வர வேண்டுமாம்.

"அது உங்க ஊருதானே. போய்ப் பார்த்துட்டு வா. எதையும் கழட்டாத" என்றார் சார்.

"கழட்டாமப் பார்க்கிறதுக்கு நான் எதுக்கு? அவங்களே பார்த்துக்கிட்டுத்தானே இருக்காங்க? சரி பண்ணிட்டு வர்றேன். பண்ணிட்டா மேடை எனக்கு."

"கெடுத்துட்டா?"

"பில் மேஜையும் வேண்டாம். ஊருல மாமன் மகன் டிராக்டரோட நிக்கிறான், போய்க் கழுத்தை நீட்டுறேன்."

சார் மாவுக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய கருவிப் பையைக் கண்ணால் காட்டினார்.

போடியில் ஆத்தா வேலை செய்வது வெள்ளைத்துரையின் சரக்குக் கிட்டங்கியில்தான். தரையில் ஏலக்காயைக் குவித்து வைத்துப் பெண்கள் சொத்தையும் வெடிப்பும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"என்னடி திடீர்னு?"

"முதலாளி எஸ்டேட்டுக்குப் போறேன். பியானோச் சுத்தியல் சீவணும்."

"ஆசாரி வேலை பாக்கவா அம்புட்டுப் படிச்ச?" பக்கத்திலிருந்த கருத்தம்மா அத்தை சிரித்தாள். ஆத்தா விடவில்லை. "ராசிங்காபுரத்து மாமன் மகன் புது டிராக்டர் எடுத்துருக்கான். செகப்புக் கலரு."

"நல்லது. உழுகச் சொல்லு."

"வாயி! இந்த வாய வச்சுக்கிட்டு மொதலாளி முன்னால நிக்காத. வேலை முடிஞ்சா வெரசா வந்து சேரு."

ஜீப்பு மேலே ஏறியது. உர மூட்டைக்கும் ஒரு பெட்டைக்கோழிக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். வளைவுக்கு வளைவு கோழி என்மேல் சாய்ந்தது. போடிமெட்டு தாண்டியதும் குளிர் பிடித்துக்கொண்டது.

பங்களாக் கூடத்தில் பியானோ நின்றது. வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றபோது கட்டிலோடும் அலமாரியோடும் சேர்த்து விட்டுப்போனதாம். வெள்ளைத்துரைக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், வெற்றிலை வாய். வீரலட்சுமிக்கு என் வயதுதான். திண்டுக்கல் கான்வென்டில் படித்தவள். அவள் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அதற்கு மருதாயி என்று பாட்டியின் பெயர்.

"நீதான் மெக்கானிக்கா?" என்றார் வெள்ளைத்துரை. "ஆம்பள யாரும் வரலையா?"

"ஆம்பளைக்குக் கால் ஒடிஞ்சு போச்சு" என்று சொல்லி, யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"யாரு மக?"

"உங்க கிட்டங்கியில காய் பொறுக்குற ஜக்கம்மாள் மக."

அவர் புருவம் நாற்காலியைப் பார்த்து ஒருமுறை ஏறி இறங்கியது. நான் எழுந்திருக்கவில்லை.

வீரலட்சுமி குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினாள். சமையற்கட்டில் பித்தளைத் தட்டுகள் சரிந்து விழுந்த மாதிரி இருந்தது. மருதாயி உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீரிட்டாள்.

"பார்த்தீங்களா?" என்றாள் வீரலட்சுமி. "தொட்டாலே அழுகுறா. அவ பொறந்ததுல இருந்து நான் இதுல முழுசா ஒரு பாட்டு வாசிக்கவே இல்லை."

வெள்ளைத்துரை பெருமையாகத் தலையை ஆட்டினார். "சத்தத்தைக் கேட்டியா? கணீர்னு! அடுத்த எஸ்டேட் வரைக்கும் கேக்கும். பிள்ளைதான் பயந்தாங்கொள்ளி, பொட்டியில ஒண்ணும் குத்தமில்ல."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, முன்பலகையைக் கழற்றிச் சுத்தியல்களைத் தொட்டுப் பார்த்தேன். கம்பளி இல்லை, கொட்டாங்கச்சி. ஓரமெல்லாம் பழுப்பேறி, உள்ளேயிருந்து புகையும் ஏலக்காயும் கலந்து மணத்தது.

"இதை எங்க வச்சிருந்தீங்க?"

"மழைக்காலத்துல கட்டை ஊறிப் போயி அழுத்துனா எந்திரிக்காது. அதான் ஆடி பொறந்தா ஸ்டோருக்குத் தூக்கிருவோம்" என்றார் வெள்ளைத்துரை.

ஸ்டோர் என்றால் ஏலக்காய் காயவைக்கிற கட்டடம். ஒரு பக்கம் விறகடுப்பு எரியும். சூடும் புகையும் தகரக்குழாய் வழியாக அறை முழுக்கச் சுற்றிப் போகும். அந்தச் சூட்டில் பச்சைக்காய் தட்டுத்தட்டாகக் காயும். அந்த அறையின் சுவரை ஒட்டி, வருஷா வருஷம், பியானோ.

"நனைஞ்ச கம்பளியை அடுப்புல போட்டுக் காயவச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அப்பளமா மொடமொடன்னு ஆகும்" என்றாள் வீரலட்சுமி.

"அதுதான் இங்க ஆகியிருக்கு. பலகை வெடிக்காம இருக்கே, அந்த வெள்ளைக்காரன் செஞ்ச புண்ணியம். யாருக்கு வந்துச்சு இந்த யோசனை?"

"எனக்குத்தான்" என்றார் வெள்ளைத்துரை.

வீரலட்சுமி மருதாயியின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பாடம் எடுத்தார். சட்டைப்பையிலிருந்து ஏலக்காய் அள்ளி, உள்ளங்கையில் மூடி, என் காதருகே குலுக்கினார். "கேட்டியா? கலகலன்னு இருக்குல்ல? காஞ்ச காய். ஈரக்காயின்னா மொத்துமொத்துன்னு இருக்கும். காஞ்சதுதான் புள்ள பேசும். நாப்பது வருசமா இந்தக் காதை வச்சுத்தான் பொழைக்கிறேன்."

"பியானோ ஏலக்காய் இல்ல."

"சத்தம் சத்தந்தான். சரி, நீ பண்ணு. நாளைக்கு மத்தியானம் ஜீப்பு கீழ போகுது. அதுக்கு முன்னால பிள்ளைய இங்கயே தொட்டில்ல தூங்கப் போட்டு மருமக வாசிக்கட்டும். அழுதா, பொட்டி ஸ்டோர் அடுப்புக்கு விறகு. ஆனா ஒண்ணு, ஸ்டோர்ல இருக்கிற சோலைமலைக்கும் கணீர்னு கேக்கணும். சத்தம் செத்துப்போச்சுன்னாலும் விறகுதான்."

"மாமா, பிள்ளையும் எந்திரிக்கக் கூடாது, ஸ்டோருக்கும் கேக்கணும்னா ரெண்டும் எப்படி?" என்றாள் வீரலட்சுமி.

"ரெண்டும் வரும்" என்றேன். "அதுக்குத்தான் சுத்தியல்."

சுத்தியல்கள் வரிசையாக மாட்டியிருந்த பொறியை அப்படியே வெளியே தூக்கி வராந்தா மேஜையில் வைத்துக்கொண்டேன். பட்டையால் தோளிலிருந்து உச்சியை நோக்கிச் சீவ, பழுப்புக் கம்பளி தூள்தூளாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளைக் கம்பளி இன்னும் உயிரோடுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். இருந்தது அந்தப் பெட்டைக்கோழி மட்டும்தான். அன்று பொழுது சாயும்வரை சீவினேன். மூக்கெல்லாம் தூசி. தும்மினால் ஏலக்காய் வாசம் வந்தது.

மறுநாள் காலையில் ஊசி. கைப்பிடியில் பதித்த மூன்று ஊசிகளைத் தோளில் குத்தி எடுக்க வேண்டும். குத்திவிட்டுப் பொறியைத் திரும்பப் பொருத்தி, ஒவ்வொரு கட்டையாக அடித்துக் கேட்டு, பக்கத்துக் கட்டையோடு ஒத்துப்பார்த்து, போதாவிட்டால் மறுபடி. பித்தளைத் தட்டு மெல்ல மெல்ல மனிதக் குரலாகிக்கொண்டே வந்தது. வீரலட்சுமி நிலைப்படியில் நின்று, "அக்கா, அது, அதுதான்!" என்று குதித்தாள். நான் அவளுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது.

நடுவில் ஒரு கட்டைதான் பாக்கி. அப்போது வெள்ளைத்துரை வெற்றிலையோடு வந்து நின்றார்.

"உங்க ஆத்தா கை நல்ல கை. அவ பொறுக்குன காயில ஒரு சொத்தை இருக்காது. நீயும் அங்கனயே உட்கார்ந்திருக்கலாம். எதுக்குப் படிப்பு, எதுக்கு ஊசி? கடைசியில உங்க சனத்துக்குக் கைவேலைதானே வாய்ச்சது."

எனக்குக் காது அடைத்துவிட்டது. "நீங்க மட்டும் காதுவேலை பார்க்கலாம், நாங்க கைவேலை பார்க்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே கை தன்பாட்டுக்குக் குத்திக்கொண்டிருந்தது. "எங்காத்தா கையை வச்சுத்தானே உங்க காய்க்குப் பேரு? ஒருநாள் நீங்க உட்கார்ந்து பொறுக்கிப் பாருங்க!" ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குத்து. கடைசிக் குத்து நேராக உச்சியில் இறங்கியது.

அவர் "ஆத்தாடி, என்னா வாயி!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கட்டையை அடித்துப் பார்த்தேன். மொத்து. தலையணையைக் குத்தின மாதிரி. இருபுறமும் கட்டைகள் பாட, நடுவில் இது மட்டும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, இது என் தாலாட்டுல நாலு தடவை வரும்" என்றாள் வீரலட்சுமி மெதுவாக.

எனக்குச் சிவப்பு டிராக்டர் கண்ணில் தெரிந்தது. அதன் சக்கரம்கூடத் தெரிந்தது.

இளகிப்போன கம்பளியை இறுக்க சார் சூடான இஸ்திரிப்பெட்டியை லேசாகத் தொட்டு எடுப்பார். பின்னறையில் பார்த்திருக்கிறேன்.

"இஸ்திரிப்பெட்டி இருக்கா?"

"கைப்பிடி ஒடிஞ்சு போடிக்குப் போயிருக்கு."

"வேற சூடான இரும்பு எதாவது?"

அடுப்படியில் தோசைக்கல் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, கம்பளிக்கு ஆகாது. சுத்தமான, எண்ணெய் படாத, சூடான தகரம் வேண்டும். எங்கே இருக்கிறது? ஒரு நொடி எனக்கே தெரியாத மாதிரி நடித்துக்கொண்டேன். பிறகு அந்த ஒற்றைச் சுத்தியலை மட்டும் காம்போடு கழற்றி முந்தானையில் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

ஸ்டோரில் சோலைமலை அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த ஸ்டோரின் காவல், சமையல், சட்டம் எல்லாம். என் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இங்க வச்சதுக்கு நேத்து எங்களையெல்லாம் காச்சி எடுத்த. இன்னைக்கு நீயே கொண்டாந்திருக்க?"

"அண்ணே, வாயை மூடிக்கிட்டு நல்ல சூடான குழாயைக் காட்டுங்க."

"எல்லாம் சூடுதான். பச்சைக்காய் பக்கம் ரொம்ப, காஞ்ச பக்கம் கொஞ்சம். எப்படி வேணும்?"

"கொஞ்சம்."

குழாயைத் துணியால் துடைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு சுத்தியலின் உச்சியை அதில் வைத்து ஒரு உருட்டு உருட்டி எடுத்தேன். முடி பொசுங்கின வாசம் லேசாக. விரலால் அழுத்தினேன், இன்னும் பஞ்சு. இன்னொரு உருட்டு. இப்போது விரலை எதிர்த்தது. போதும். இன்னும் ஒன்று என்று கை கேட்டது, கொடுக்கவில்லை. கோபத்தில் ஒன்று கூடுதலாகக் குத்தியதற்குத்தானே இவ்வளவும்.

திரும்பினால் வாசலில் வெள்ளைத்துரை. வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு என்னையும் குழாயையும் சுத்தியலையும் வரிசையாகப் பார்த்தார். முகம் பூரித்துக்கொண்டே வந்தது.

"காய வைக்கிறியா?"

"சூடு காட்டுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒரு தொடலுக்கும் ஒரு மழைக்காலத்துக்கும் வித்தியாசம் இருக்கு."

"ஏலே சோலைமலை, கேட்டுக்க! பி.எஸ்ஸி. படிச்ச பிள்ளையே நம்ம ஸ்டோருக்குத்தான் வருது!"

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பின்னால் வந்துகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

சுத்தியலைப் பொருத்தி அடித்தேன். பாடியது. பக்கத்துக் கட்டைகளைவிட ஒரு பொட்டுக் கூடுதலாக மினுங்கியது. அதை வெளியே சொல்லவில்லை.

கூடத்தில் உத்திரத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கியது. மருதாயி வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். ஜீப்பு வாசலில் நின்றது. வெள்ளைத்துரை தொட்டிலுக்கு அருகே நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். வீரலட்சுமி விரலை ஊதிக்கொண்டு தாலாட்டைத் தொடங்கினாள்.

மெதுவாக. வெதுவெதுப்பாக. தட்டு இல்லை, தகரம் இல்லை. வீரலட்சுமி வாசித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை, தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொசுங்கின கட்டை முதல் தடவை வந்தது. தொட்டில் அசைந்தது. ஒரு குட்டிக் கால் வெளியே வந்து, காற்றை உதைத்து, உள்ளே போனது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. நான்காவது தடவைக்குச் சப்புக்கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாட்டு முடிந்தது. மருதாயி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைத்துரை தொட்டிலை விலக்கி எட்டிப் பார்த்தார். தொடையில் ஓங்கி அறைந்துகொண்டு எழுந்தார்.

"தூங்குறாளே! அடி ஆத்தே, எம்பேத்தி தூங்குறாளே!"

மலை எதிரொலித்தது. மருதாயி விழித்தாள். விழித்த வேகத்தில் வீரிட்டாள்.

 அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "அழுதிருச்சே" என்றார், சந்தேகமாக.

"பியானோ கத்துச்சா, நீங்க கத்துனீங்களா?"

"நாந்தான்" என்றார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த ஒரே வார்த்தை அதுதான். "சரி, அதான் எந்திரிச்சிருச்சே. மருமகளே, இப்ப ஓங்கி அடி. ஸ்டோருக்குக் கேக்கட்டும்."

வீரலட்சுமி எட்டு மாதக் கோபத்தையும் சேர்த்து அடித்தாள். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. ஆனாலும் காதில் குத்தவில்லை. கோவில் மணி மாதிரி நிறைந்து வந்தது. மேட்டிலிருந்து சோலைமலையின் சீழ்க்கை பறந்து வந்தது. பிறகு அவர் குரல்: "கேக்குது மொதலாளீ! ரெண்டும் கேக்குது! பிள்ளையத் தூக்குங்க!"

ஜீப்பில் வெள்ளைத்துரை என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். "கோழி எங்கே?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

போடி கிட்டங்கியில் இறங்கியதும் மதுரைக்கு டிரங்க் கால் போட்டது அவர்தான். பெண்கள் எல்லோரும் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "ஆமாங்க, பிரமாதம். நம்ம பிள்ளைதான், ஜக்கம்மாள் மக. எல்லாம் நம்ம ஸ்டோர்ல காயவச்சதுதான். என்னது? ஆமா, குழாயில" என்று கத்திவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

அடுத்த ஆடியில் பியானோ ஸ்டோருக்குப் போனால் நானே வந்து அதை ஏலக்காயோடு சேர்த்துப் பொடித்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வாங்கினேன்.

"வேலு" என்றார் சார். "சுத்தியலைப் போய் ஏலக்காய்க் குழாயில சுட்டியா?"

"ஆமா."

 ஆத்தா என் வாயைப் பொத்தத் தயாராகப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உச்சியிலயா, தோள்லயா?"

"உச்சியில."

"தேய்ச்சியா, உருட்டுனியா?"

"உருட்டுனேன் சார்."

"ம். நாளைக்கு வந்து எனக்கு மேடையில செஞ்சு காட்டு." குரல் இறங்கியது. "எல்லாம் சரி, இனிமே பில்லு யாரு எழுதுறது?"

"நீங்கதானே சார் காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கீங்க" என்றேன்.

ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.